மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி

சேசு மரி சூசை துணை

புளியங்கண்டல்,
மன்னார்.
6.10.1985

அன்புள்ள தம்பி ஸ்ரனிஸ்லாசுக்கு,

அக்கா பேர்பெச்சுவா எழுதிறன். மடுமாதாவின்ரை புண்ணியத்தாலை நாங்கள் இஞ்சை உயிரோடை இருக்கிறம். அங்கை நீ சுகமாய் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு பின்னேரச் செபத்திலையும் கேக்கிறன். போன கடிதத்திலை இருமல் எண்டு எழுதியிருந்தாய், மாறீட்டுதோ? கொத்தமல்லி அவிச்சுக் குடி. அந்த ஊரிலை கொத்தமல்லி கிடைக்குமோ எண்டும் எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தைத் தபாலிலை போடேல்லை. எங்கடை கோயில் பாதர் கொழும்புக்குப் போறார், அவரிட்டைக் குடுத்துவிடுறன். நீயும் பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதை. பின்பக்கத்திலை எழுதியிருக்கிற கொழும்புக் கன்னியர்மட விலாசத்துக்குப் போடு. இப்ப எங்கடை கடிதங்களை யார் யாரோ பிரிச்சுப் படிக்கிறாங்கள்.

இந்தமுறை காட்டுப்பண்டிக் கரைச்சல் பெருங்கரைச்சல். விதைக்க முந்தியே வரம்பு முழுக்கக் கிண்டிப்போட்டுதுகள். அத்தான் வயல் கொட்டிலே கதியெண்டு கிடக்கிறார். அவர் உன்னட்டை ஒண்டு கேக்கச் சொன்னவர். துவக்கிலை பூட்டிப் பாக்கிற தூரக்கண்ணாடி உங்கடை நாட்டிலைதான் திறமாய்ச் செய்யிறாங்களாம். விலை கூடினதும் இருக்காம், குறைஞ்சதும் இருக்காம். கூடினது உண்மையிலை அந்தக் காசுக்குத் தகுமோ, இல்லாட்டி குறைஞ்சது காணுமோ? நாலு பேரிட்டை விசாரிச்சு எழுது. கெதியாய் எழுது.

உன்ரை மருமகள் கொறற்றி ஏழாம் வகுப்புக்கு வந்திட்டாள். மாமா பனியிலை விழுந்தெழும்பிற படம் அனுப்பச் சொல்லுறாள். அத்தானுக்கு எழுத நேரமில்லை, கோவிக்காதை.

செபத்திலை உன்னை மறவாத அக்கா,
பேர்பெச்சுவா


பான்,
மேற்கு ஜேர்மனி.
2.11.1985

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஸ்ரனிஸ்லாஸ் எழுதிறன். இருமல் போட்டுது. கொத்தமல்லி இஞ்சை துருக்கிக்காரற்றை கடையளிலை கிடைக்கும். அதைத்தான் அவிச்சுக் குடிச்சன். நீங்கள், அத்தான், கொறற்றி எல்லாரும் சுகமாயிருக்க என்ரை மன்றாட்டு.

அகதியளை வைச்சிருக்கிற ஹைமிலைதான் இன்னும் இருக்கிறன். ஒரு அறையிலை நாலுபேர். மேல்கட்டில்லை யோகலிங்கம். அவனை உங்களுக்குத் தெரியும், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தவராசா அண்ணையின்ரை தம்பி. ஆமிச் சுற்றிவளைப்பு அண்டைக்குத் தவராசா அண்ணை என்னையும் இவனையும் தன்ரை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு ஓடினதை நாங்கள் ரெண்டுபேரும் கதைக்காத நாளில்லை. ஒரு சைக்கிளிலை மூண்டுபேர், அண்ணை வெத்திலை வேறை போட்டுக்கொண்டு!

எனக்கு வேலை செய்ய அனுமதியில்லை. ஆனாலும் காட்டோரத்திலை ஒரு சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவிறன். முதலாளி லென்சன் எண்டு ஒரு அம்மா. அறுபது வயசு, புருசன் இல்லை. அவவே வேட்டைக்காரி. கடைச் சுவர் முழுக்க மான்கொம்பு. உங்கடை கேள்வியை அவவிட்டைக் கேட்டன்.

“உன்ரை மச்சானிட்டை என்ன துவக்கு?” எண்டா.

“ரெட்டைக்குழல்” எண்டன்.

விழுந்து விழுந்து சிரிச்சா. ரெட்டைக்குழலுக்குத் தூரக்கண்ணாடி பூட்டுறது மாட்டுவண்டிலுக்கு றேடியோ பூட்டுற கதை. சன்னம் சிதறிப் போற துவக்குக்கு அது தேவையில்லையாம். ஒற்றைக்குண்டு போற நீளத்துவக்குக்குத்தானாம் அது. அதோடை அக்கா, பொலிசு போன வருசமே ஊர்த்துவக்கெல்லாத்தையும் வாங்கி வைச்சிட்டுது எண்டெல்லோ எழுதினனீங்கள்? அத்தானுக்குத் திருப்பிக் குடுத்திட்டாங்களோ?

அத்தானை ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கோ. காத்துக்குச் சரிஞ்ச வேலி மாதிரி அந்த எழுத்தைக் கண்டு கனகாலம்.

உங்கள் அன்புத் தம்பி,
ஸ்ரனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

புளியங்கண்டல்.
8.12.1985

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்ரை சுகத்துக்கு மாதாவை மன்றாடுறன். நத்தார் வருகுது. இந்தமுறை பலகாரம் ஒண்டும் சுடேல்லை, மழை.

அத்தானுக்கு வலக்கைப் பெருவிரலிலை நகச்சுத்து. பேனை பிடிக்க ஏலாது. துவக்கு ஒரு ஆள் குடுத்தது, நீளத்துவக்குத்தான். அதைப்பற்றிக் கன கேள்வி கேளாதை.

அவர் கேக்கிறது இதுதான். பின்னேரம் மங்கலிலை குளக்கட்டிலை நிண்டு பாத்தால் அங்காலை நிக்கிறது துலக்கமாய்த் தெரியுமோ? குறைஞ்ச விலைக் கண்ணாடியாலை தெரிஞ்சால் அது காணும். தெரியாட்டி மற்றதுதான் வேணும். தைப்பொங்கலுக்கு முந்திக் கிடைச்சால் நல்லது.

தம்பி, உன்னட்டை நான் இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை. உனக்குத் தெரியும்.

அக்கா,
பேர்பெச்சுவா


பான்.
19.1.1986

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருசம் உங்களெல்லாருக்கும் சமாதானத்தோடை பிறந்திருக்கவேணும். நான் நல்ல சுகம். அத்தான்ரை விரலுக்கு எலுமிச்சங்காயைத் துளைச்சு மாட்டிவிடுங்கோ, ரெண்டு நாளிலை பழுத்து உடையும்.

உங்கடை கேள்விக்கு இப்ப மறுமொழி சொல்லலாம். கடைக்காரன் சொன்னதை எழுதேல்லை, என்ரை கண்ணாலை கண்டதை எழுதிறன்.

நத்தாருக்கு முந்தின கிழமை இஞ்சை பெரிய வேட்டை நடந்தது. வேட்டைக்காரர் சுத்திவர நிக்க, நாங்கள் கொஞ்சப்பேர் பொல்லுகளோடை காட்டுக்குள்ளாலை சத்தம் போட்டுக்கொண்டு போய்ப் பண்டியைக் கலைக்கோணும். யோகலிங்கமும் வந்தவன். அவன் எங்கடை ஊரிலை எருமை கலைக்கிற சத்தம் போட, ஜேர்மன்காரர் துவக்கைப் பிடிக்க ஏலாமல் சிரிச்சாங்கள். முடிய எல்லாரும் கடையிலை இருந்து பயறுச் சூப்புக் குடிக்கேக்கை நான் உங்கடை கேள்வியை மெல்லமாய்ப் போட்டன். சண்டை மூண்டிட்டுது, அக்கா!

ஒரு பல்லு டொக்டர் சொன்னார், “துவக்கைவிட விலைகூடின கண்ணாடி வாங்கிறவன் விசரன். பகலிலை ரெண்டும் ஒண்டுதான். பேருக்குத்தான் காசு.” அவருக்குப் பக்கத்திலை இருந்த தச்சன் விடேல்லை. தன்ரை மலிவுக் கண்ணாடி மூண்டாவது மாரியிலை உள்ளுக்குள்ளை பனிப்புகார் பிடிச்சுதாம். துவக்கு உதைச்ச உதையிலை குறியும் விலகி, ஒரு பண்டி குடலைத் தூக்கிக்கொண்டு ஓடினதாம். “அதை நாய்களோடை தேடின கிழமையிலை எனக்கு மலிவு என்னெண்டு விளங்கீட்டுது” எண்டார். லென்சன் அம்மா மேசையிலை தட்டினா. “பகலுக்கு எண்டால் மலிவானது காணும். ஆனா பண்டி பகலிலை வராது” எண்டா.

அதோடை நிக்கேல்லை. ஒருநாள் பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டோரத்திலை தன்ரை பரணிலை ஏத்தினா. பொழுது பட்டு, புல்லும் காடும் ஒரே நிறமாய் வரமட்டும் இருந்தம். முதலிலை மலிவுக் கண்ணாடியைத் தந்தா. பாத்தன், ஒரே கறுப்பு. பிறகு குண்டைக் கழட்டிப்போட்டுத் தன்ரை துவக்கைத் தந்தா. அக்கா, பொழுது திரும்ப விடிஞ்ச மாதிரி இருந்தது. ஒரு பெட்டைப்பண்டி நிண்டுது, அதின்ரை ஒரு காதிலை கிழிசல். அந்தக் கிழிசலே தெரிஞ்சுதெண்டால் பாருங்கோ. பின்னாலை புல்லுக்குள்ளை குட்டியள்.

“ஏன் நீங்கள் சுடேல்லை?” எண்டு கேட்டன்.

“குட்டியோடை நிக்கிற தாயைச் சுடப்படாது. எதைச் சுடப்படாது எண்டு பாத்தறியத்தான் இவ்வளவு விலை” எண்டா.

ஆனபடியாலை என்ரை முடிவு: பகலுக்கு வேண்டாம், வீண்காசு. பொழுதுபட்ட பிறகு வாற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எண்டால் விலைகூடினது தகும். அதுக்குள்ளைதான் எல்லா விலையும் இருக்குது. எங்கடை அத்தானுக்கு மலிவானதை வாங்க எனக்கு மனம் வரேல்லை. செத்துப்போன ஒரு வேட்டைக்காரன்ரை மனிசியிட்டை லென்சன் அம்மா கதைச்சுப் பழைய கண்ணாடி ஒண்டு எடுத்துத் தந்தா. பழசெண்டாலும் முதல்தரம். யோகலிங்கமும் தன்ரை பங்குக்குப் போட்டவன். “மச்சானைப் பண்டி இறைச்சி வத்தல் அனுப்பச் சொல்லு” எண்டான். அவன்ரை பெரியம்மா மகன் சுவிசிலை இருந்து கலியாணம் கட்டக் கொழும்புக்குப் போறார். அவரிட்டைக் குடுத்தாச்சு. பாதருக்குச் சொல்லிவிடுங்கோ.

அத்தானுக்குச் சொல்லுங்கோ, குட்டியோடை நிக்கிறதைச் சுடவேண்டாமாம்.

அன்புத் தம்பி,
ஸ்ரனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

புளியங்கண்டல்.
27.4.1986

அன்புள்ள தம்பிக்கு,

சாமான் பங்குனியிலை வந்து சேந்தது. உடனே எழுதேல்லை எண்டு கோவிக்காதை. எழுதிற நிலையிலை நான் இருக்கேல்லை. இப்ப எல்லாம் சுகம். ஆண்டவர் கண் திறந்திட்டார். அத்தான் வீட்டை வந்திட்டார். நல்லாய் மெலிஞ்சுபோனார், இரவிலை நித்திரை இல்லை. ஆனா வந்திட்டார்.

நீ செய்த உதவிக்கு நான் சாகுமட்டும் கடன்காரி. யோகலிங்கத்துக்கும் சொல்லு. தவராசா அண்ணையும் அவற்றை மனிசி கனகவல்லி அக்காவும் நேற்று வந்து அத்தானைப் பாத்திட்டுப் போனவை. கனகவல்லி அக்கா முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டந்து தந்தவ.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
பேர்பெச்சுவா


பான்.
15.6.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமோ? நான் இருக்கிறன்.

உங்கடை கடிதத்தை நாலைஞ்சு தரம் படிச்சுப்போட்டன். “அத்தான் வீட்டை வந்திட்டார்” எண்டு எழுதியிருக்கிறியள். எங்கை போனவர், அக்கா? வயல் கொட்டில்லை இருந்து வந்ததையோ இப்பிடி எழுதுவியள்?

அதைக் கேக்கத்தான் கடுதாசி எடுத்தனான். அதுக்கிடையிலை யோகலிங்கத்துக்குத் தந்தி வந்தது. தவராசா அண்ணையைச் சுட்டுப்போட்டாங்களாம். பிறகு கொழும்பிலை இருந்து ஒரு உறவுக்காரர் ரெலிபோனிலை கதைச்சவர். சங்கக்கடைக் கதவைப் பூட்டிப்போட்டுத் திரும்ப ஒரே ஒரு வெடியாம். பொழுதுபட்ட நேரமாம். சுட்டவனை ஒருத்தரும் காணேல்லையாம். ஆமி எண்டு சனம் கதைக்குதாம், ஆனா அந்த நேரம் அந்தப் பக்கம் ஆமி வரேல்லையாம்.

யோகலிங்கம் அழேல்லை. ஹைம் குசினியிலை சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவன். தந்தியைப் படிச்சுப்போட்டு வடிச்சு முடிச்சான். எல்லாருக்கும் போட்டான். தன்ரை கோப்பைக்குப் போடேக்கைதான் கை நிண்டுபோச்சு.

அக்கா, நான் ஒண்டு கேக்கிறன், பிழையாய் நினைக்காதேங்கோ. அந்தக் கண்ணாடி இப்ப எங்கை? வீட்டிலை இருக்கோ? இருக்கு எண்டு ஒரு சொல்லு எழுதுங்கோ. எனக்கு அது காணும்.

தம்பி,
ஸ்ரனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

புளியங்கண்டல்.
20.7.1986

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உன்ரை சுகத்தைப் பற்றித்தான் யோசினை. கண்டதையும் நினைச்சு உடம்பைக் கெடுக்காதை.

தவராசா அண்ணையின்ரை செத்தவீட்டுக்குப் போனன். சனமெண்டால் சொல்லேலாது. ஆமிதான் எண்டு எல்லாரும் சொல்லுகினம். நாங்கள் என்ன செய்யிறது? யோகலிங்கத்தைத் தேற்று.

கண்ணாடி இருக்கு. பெட்டகத்துக்குள்ளை சீலையாலை சுத்தி வைச்சிருக்கிறன். அத்தான் நல்ல சாமான் எண்டவர். பக்கத்து வயல் இன்னாசித்தம்பி அண்ணையும் அதைக் கண்டுபோட்டுத் தனக்கும் வேணும் எண்டு நிக்கிறார். அவற்றை மருமகனுக்கும் ஒண்டு. ரெண்டாய் அனுப்பினால் நல்லது. மலிவானது வேண்டாமாம், நீ முந்தி அனுப்பின மாதிரியே விலைகூடினது. பண்டி இந்தமுறை இன்னும் கூட வரும் எண்டு சொல்லுகினம். கெதியாய்ப் பார்.

அக்கா,
பேர்பெச்சுவா


சர்வேசுரன் துணை

புளியங்கண்டல்.
31.7.1986

அன்பின் ஸ்ரனிஸ்லாசுக்கு,

உமது அத்தான் ஜேசுரட்ணம் எழுதிறன். நீர் சுகமாயிருப்பீர் எண்டு நம்புறன். நான் சுகம் எண்டு எழுதினால் பொய்.

என்ரை எழுத்தை நீர் தேடினீராம். அது எனக்கு இந்தக் கிழமைதான் தெரியும். எனக்கு நகச்சுத்து வரேல்லை. நான் பண்டிக் காவலுக்கும் போகேல்லை. போன புரட்டாதியிலை நெல்லுமில்லிலை வைச்சு இயக்கப்பெடியள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். ஆமிக் காம்புக்கு நெல்லு வித்தனாம். வித்தது உண்மை. காம்புக்காரன் துவக்கோடை வந்து கேக்கேக்கை வில்லாமல் என்ன செய்யிறது? சித்திரைமட்டும் ஒரு காட்டுக் கொட்டிலிலை வைச்சிருந்தவங்கள். அங்கை நடந்ததை எழுதேல்லை.

எனக்காக அவங்களிட்டைப் போய்க் கதைச்சது ஒரே ஒரு ஆள், தவராசா. ஒருதரம் இல்லை, பலதரம். கடைசியிலை கூட்டம் ஒண்டிலை சனத்துக்கு முன்னாலை எழும்பி, “பிடிச்சு வைச்சிருக்கிற ஆக்களை விடுங்கோ, இல்லாட்டிச் சங்கக்கடையிலை இருந்து ஒரு பிடி அரிசி உங்களுக்கு வராது” எண்டவராம். ஊரே கை தட்டினதாம். அதைத்தான் அவங்களாலை பொறுக்க ஏலாமல் போச்சு.

என்னை விட்டது அவர் கதைச்சதாலை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

பத்துப் பதினொரு நாளுக்கு முந்தி அவங்களிலை ஒருத்தன் வீட்டை வந்தான். கதிரையிலை இருந்தான். உம்மடை அக்கா தேத்தண்ணி குடுத்தா. அவன் சிரிச்சுக்கொண்டு சொன்னான், “அக்கா, உங்கடை தம்பி திறமான சாமான் அனுப்பியிருக்கிறார். குளக்கட்டிலை நிண்டு பாக்க, அந்த மங்கலிலையும் முகமே தெரிஞ்சது. இன்னும் ரெண்டு வேணும்.”

“யாற்றை முகம்?” எண்டு கேட்டன்.

அவன் என்னைப் பாத்தான். தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சான். “அண்ணை நல்லாய்ச் சாப்பிட்டு உடம்பைத் தேத்துங்கோ. திரும்ப எங்களிட்டை வரவைக்காதேங்கோ” எண்டுபோட்டுப் போனான். தவராசாவைக் கிட்டப் போய்ச் சுட்டிருந்தால் ஊர் கண்டிருக்கும். தூரத்திலை நிண்டு சுட்டபடியாலை ஆமி எண்டு சொல்ல வசதியாய்ப் போச்சு.

அவன் போனபிறகு உம்மடை அக்காவைக் கேட்டன். அவ ஒளிக்கேல்லை. என்னை விடுறதெண்டால் அந்தச் சாமான் வேணும் எண்டு கேட்டவங்களாம். என்ரை பேரைச் சொல்லி உமக்கு எழுதினவவாம்.

உமக்கு ஒண்டு மட்டும் சொல்லுறன். ரெண்டு கண்ணாடி கேட்டு அவ எழுதியிருப்பா. அனுப்பாதையும். என்னைத் திரும்பக் கொண்டுபோனாலும் அனுப்பாதையும். நான் உம்மட்டைக் கண்ணாடி கேக்கவுமில்லை, எனக்காக ஒருத்தரைக் குடுக்கச் சொல்லவுமில்லை.

அன்புடன்,
ஜேசுரட்ணம்


பான்.
5.10.1986

அக்காவுக்கு,

அத்தான்ரை கடிதமும் உங்கடை கடிதமும் ஒரே நாளிலை வந்தது. ஒண்டு இன்னும் ரெண்டு அனுப்பச் சொல்லுது. மற்றது ஏன் எண்டு சொல்லுது.

கனநாள் ஒருத்தருக்கும் சொல்லாமல் திரிஞ்சன். மேல்கட்டிலிலை யோகலிங்கம், கீழ்க்கட்டிலிலை நான். அவன் அண்ணையைப் பற்றிக் கதைக்கேக்கை நான் தலையாட்டோணும். ஏலாமல் போச்சு. ஒருநாள் பின்னேரம் ஹைமிலை உடுப்புத் தோய்க்கிற அறையிலை அவன் சேட்டு மடிச்சுக்கொண்டு நிக்கேக்கை எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அவன் மடிக்கிறதை நிப்பாட்டேல்லை.

“நான்தானே அதை உடுப்புக்குள்ளை வைச்சுச் சுத்தினனான்?” எண்டு கேட்டான்.

“ஓம்.”

“என்ரை சாரத்தாலை.”

“ஓம்.”

மடிச்சதை அடுக்கிப்போட்டு, “உன்ரை அக்கா யாருக்கெண்டு நினைச்சவ?” எண்டான்.

“ஆமிக்காரனுக்கு எண்டு நினைச்சிருப்பா.”

“யாரோ ஒருத்தன் எண்டு நினைச்சிருக்கிறா. அந்த யாரோ எங்கடை அண்ணையாய்ப் போச்சு” எண்டான்.

அடுத்த கிழமை சமூக அலுவலகத்திலை கேட்டு வேறை ஹைமுக்கு மாறிப் போட்டான். போகேக்கை, “உன்னிலை கோவமில்லை, மச்சான். உன்ரை மூச்சைக் கேட்டுக்கொண்டு படுக்க ஏலாது” எண்டான். அவ்வளவுதான். சண்டை பிடிச்சிருந்தால் நான் தாங்கியிருப்பன்.

இஞ்சை திரும்ப வேட்டைக்காலம் தொடங்கீட்டுது. லென்சன் அம்மா சிரிச்சுக்கொண்டு கேட்டா, உன்ரை மச்சான் பண்டி சுட்டவரோ எண்டு. எனக்குத் தெரிஞ்ச கொச்சை ஜேர்மனிலை உள்ளதைச் சொன்னன். ரெண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. முதல்தரம் நான் சொல்லைப் பிழையாய்ச் சொல்லுறன் எண்டு அவ நினைச்சா. விளங்கினபிறகு கையிலை இருந்த துணியை மேசையிலை வைச்சா. “நான் உனக்குக் காட்டினது எதைச் சுடப்படாது எண்டு பாக்க” எண்டா. பிறகு, நாளைக்கு வரவேண்டாம் எண்டா. அவவும் நான் தன்னை ஏமாத்தினன் எண்டுதான் நினைக்கிறா.

அக்கா, நான் உங்களுக்கு எழுதின ஒவ்வொரு வரியும் உண்மை. மழையிலை நிண்டு, ஆக்களைக் கேட்டு, என்ரை கண்ணாலை பாத்து எழுதினன். ஏனெண்டால் கேட்டது நீங்கள். அத்தானைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், இதைக் குடுத்தால் விடுவாங்கள் எண்டு எழுதியிருக்கலாம். பாதரிட்டைத்தானே குடுத்துவிட்டனீங்கள், ஆர் பிரிக்கப் போறான்? எழுதியிருந்தாலும் அனுப்பியிருப்பன் போலை. ஆனா தெரிஞ்சு அனுப்பியிருப்பன். யோகலிங்கத்தின்ரை காசைத் தொட்டிருக்கமாட்டன், அவன்ரை சாரத்தாலை சுத்த விட்டிருக்கமாட்டன். நீங்கள் எனக்கு அந்த இடத்தையே தரேல்லை.

முதலிலை கேட்டது அத்தானுக்காக. அதை என்னாலை விளங்கிக்கொள்ள ஏலும். ரெண்டாந்தரம் கேட்டதுதான் விளங்கேல்லை. தவராசா அண்ணையின்ரை செத்தவீட்டுக்குப் போய் வந்த காலோடை, அது பெட்டகத்துக்குள்ளை சீலையாலை சுத்தியிருக்கு எண்டு என்ன கையாலை எழுதினியள்?

கனகவல்லி அக்காவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. அவவுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டந்து தரத் தெரிஞ்சுது. உண்மை தெரியவேண்டிய ஆள் அவதான். சொல்லாமல் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

ஸ்ரனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

புளியங்கண்டல்.
11.1.1987

என்ரை தம்பிக்கு,

நீ சுகமோ? அங்கை இந்தமுறை குளிர் கூட எண்டு றேடியோவிலை சொன்னவங்கள். எழுதவேண்டாம் எண்டாய். எழுதாமல் இருந்தன். இப்ப எழுதலாம்.

அத்தான் இஞ்சை இல்லை. கார்த்திகையிலை பேசாலையிலை இருந்து வள்ளமேறி இந்தியாவுக்குப் போட்டார். கொறற்றியையும் கூட்டிக்கொண்டு போட்டார். நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்துப் போனவர். மண்டபம் அகதிக் காம்பிலை நிக்கிறதாய்ப் பாதரிட்டைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னை வரச்சொல்லியும் சொல்லேல்லை, வரவேண்டாம் எண்டும் சொல்லேல்லை. வீட்டை வந்த நாளிலை என்ரை கையாலை சோறு குழைச்சுத் தீத்தினன் தம்பி, குழந்தைக்குத் தீத்திறமாதிரி. அந்தப் பெடியன் வந்து போன நாளிலை இருந்து நான் சமைச்சதைத் தொடேல்லை. கொறற்றிதான் அவருக்கு உலை வைச்சவள்.

நீ கேட்டதுக்குச் சொல்லுறன். ரெண்டாந்தரம் எழுதேக்கை எனக்குத் தெரியும். அவன் கதிரையிலை இருந்து சொல்லிப்போட்டுப் போன அண்டைக்கே எழுதினன். அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். அவரைத் திரும்பக் கொண்டுபோறாங்கள் எண்டுதான் எனக்குத் தெரிஞ்சுது, வேறை ஒண்டும் தெரியேல்லை. பாவமோ, புண்ணியமோ, தவராசா அண்ணையோ, நீயோ ஒருத்தரும் என்ரை கண்ணுக்குத் தெரியேல்லை. முதல்தரம் அவங்களைக் கேட்டனான், என்னத்துக்கு உந்தச் சாமான் எண்டு. “ஆமிக்கு, அக்கா” எண்டவங்கள். நம்பினன். நம்பாட்டிலும் உன்னட்டைக் கேட்டிருப்பன். அதையும் நீ அறிஞ்சுகொள்.

கனகவல்லி அக்காவிட்டைப் போறதுக்கு எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. ஒழுங்கை முடக்குமட்டும் போய்ப்போய்த் திரும்பி வந்திருக்கிறன். போன செவ்வாய்க்கிழமை போட்டன். அவ முத்தத்திலை அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தா. என்னைக் கண்டிட்டு, “வாரும், பேர்பெச்சுவா. தனிச்சுப் போனீராம், கேள்விப்பட்டன்” எண்டு பலகையை இழுத்துப் போட்டா. நான் இருக்கேல்லை. நிண்டபடி சொன்னன். உனக்கு எழுதின முதல் கடிதத்திலை தொடங்கி எல்லாம் சொன்னன்.

அவ சுளகை நிலத்திலை வைச்சா. அடிக்கப் போறா எண்டு நினைச்சன். அடிச்சிருந்தால் நல்லது. பிறகு சொன்னா:

“ஜேசுரட்ணத்தைக் கொண்டுபோன அண்டைக்கே நீர் என்னட்டை வந்திருக்கலாம். நாங்கள் ரெண்டுபேரும் போய் அவங்கடை வாசலிலை இருந்திருப்பம். ரெண்டு பொம்பிளையள் இருந்தால் நாலாவது நாள் இருபது பொம்பிளையள் வந்திருப்பினம். உமக்கு என்னட்டை வரத் தோன்றேல்லையோ?”

தோன்றேல்லைத் தம்பி. ஜேர்மனியிலை இருக்கிற உன்னட்டைக் கேக்கத் தெரிஞ்ச எனக்கு, ரெண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற அவவிட்டைப் போகத் தோன்றேல்லை.

ஊர்ச்சுவர் முழுக்க அவங்கள் தவராசா அண்ணைக்கு அஞ்சலி நோட்டீசு ஒட்டியிருக்கிறாங்கள், ஆமியின்ரை குண்டுக்குப் பலியானவர் எண்டு. நாளைக்கு விடிய கனகவல்லி அக்கா அவங்கடை முகாம் வாசலுக்குப் போறா. அந்த நோட்டீசுகளைத் தங்கடை கையாலை கிழிக்கச் சொல்லிக் கேக்கப் போறாவாம். தனியத்தான் போறா. நானும் வரட்டோ எண்டு கேட்டன்.

“நீர் வரவேண்டாம்” எண்டா. சுளகை எடுத்துத் திரும்பப் புடைக்கத் தொடங்கினா.

வரவேண்டாம் எண்டுதான் சொன்னவ. ஆனாலும் போகப் போறன். பக்கத்திலை இருக்க விடமாட்டா. றோட்டுக்கு இங்காலைப் பக்கம், அவவுக்குத் தெரியக்கூடிய இடத்திலை இருப்பன். அவங்கள் கண்டால் காணட்டும்.

இந்தக் கடிதத்தைப் பாதரிட்டைக் குடுத்திட்டுத்தான் போறன். நீ பதில் போடாட்டிலும் பறவாயில்லை. காதை மூடிக் கட்டிக்கொண்டு வெளியிலை போ. உனக்குச் சின்னனிலை இருந்து குளிருக்குக் காதுக்குள்ளை குத்திறது.

அக்கா,
பேர்பெச்சுவா